மடுக்கரையில் சொல்லக் கூடாத சொல்

ஒரு காட்டில் கோடை வந்தால் ஓடை முழுவதும் வற்றி, ஒரே ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் மிஞ்சும். யானை முதல் அணில் வரை எல்லோருக்கும் அந்த ஒரு மடுதான்.

அங்கே வரிசையில் நின்று, முறை வந்ததும் குடித்துவிட்டுப் போக வேண்டும். முறை பார்ப்பது காட்டெருமையின் வேலை. காட்டெருமை நேர்மையானது. ஆனால் ஒரு விதி அதன் தலையில் ஏறிவிட்டால் பிறகு லேசில் இறங்காது.

மடுக்கரையில் அப்படி ஒரு விதி இருந்தது. முந்தைய கோடையில் ஒரு கரடியும் ஒரு காட்டுப்பன்றியும் ஒருவரையொருவர் கேவலமாகத் திட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் இறங்கிக் கட்டிப் புரண்டார்கள். மடு கலங்கிச் சேறாகிவிட்டது. இரண்டு நாள் காடு முழுவதும் சேற்றைத்தான் குடித்தது. அதனால், ‘மடுக்கரையில் யார் வாயிலிருந்து இழிசொல் வந்தாலும் மூன்று நாள் அவருக்குத் தண்ணீர் கிடையாது’ என்று எல்லோரும் கூடி முடிவு செய்தார்கள். நல்ல விதிதான். நான் அங்கே இருந்திருந்தால் நானும் கை தூக்கியிருப்பேன்.

அந்தக் காட்டில் ஒரு கீரி இருந்தது. அதற்கு வாய்த்துடுக்கு அதிகம். முட்டை திருட அடிக்கடி ஊருக்குள் போகும். திரும்பி வரும்போது முட்டையோடு இரண்டு வசைச் சொற்களையும் கொண்டு வரும்.

ஒரு நாள் காலை, முள்ளம்பன்றி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. கீரி அதன் பக்கத்தில் போய் நின்று, ஊரிலிருந்து கொண்டு வந்த புதிய சொல் ஒன்றால் அதை அழைத்துச் சிரித்தது. வரிசையில் அடுத்து நின்ற மயிலும் குரங்கும் அதைக் கேட்டார்கள்.

அது என்ன சொல் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். எனக்கே சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

முள்ளம்பன்றிக்கு உடம்பெல்லாம் கூசியது. பிறந்தது முதல் கூடவே இருக்கும் முட்கள் அன்றுதான் அதற்குப் பாரமாகத் தெரிந்தன. பாதி குடித்ததும் திரும்பிவிட்டது. மறுநாளும் அவர்கள் காதில் விழ, கீரி அதையே சொன்னது. அதற்கடுத்த நாளிலிருந்து முள்ளம்பன்றி மடுப்பக்கம் வரவே இல்லை.

அதன் வளையில் இரண்டு குட்டிகள் இருந்தன. தாய் தண்ணீர் குடிக்காததால் பால் வற்றியது. இரண்டு நாள் போனது. குட்டிகள் முனகக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்தன. அதைப் பார்த்த பிறகு முள்ளம்பன்றியால் வளையில் இருக்க முடியவில்லை. நேரே காட்டெருமையிடம் போனது.

“அண்ணா, கீரி என்னை இழிவாகப் பேசுகிறான். அவன் நிற்கும் கரைக்கு வரவே எனக்கு மனசில்லை. நான் தண்ணீர் குடித்தால்தான் என் குட்டிகளுக்குப் பால்.”

காட்டெருமை உடனே எல்லோரையும் கூட்டியது.

“கீரி உன்னை என்ன சொன்னான்?” என்று கேட்டது.

முள்ளம்பன்றி வாயைத் திறந்து, மூடிக்கொண்டது. “அதை நான் சொன்னால் எனக்கும் மூன்று நாள் தண்ணீர் போய்விடுமே அண்ணா.”

“போகத்தான் போகும். விதி அப்படி. சரி, கேட்டவர்கள் யாராவது உண்டா?”

மயில் முன்னால் வந்தது. மயில் எப்போதும் நாகரிகம் பார்க்கும். “நான் கேட்டேன். ஆனால் என் வாயால் அதைச் சொல்ல மாட்டேன். வேண்டுமானால் ஜாடையாகச் சொல்கிறேன். அது ஒரு பொருள். வீட்டில் ஒரு மூலையில் கிடக்கும்.”

“பூசணிக்காயா?” என்றது காட்டெருமை.

“இல்லை. அதை வைத்து ஒரு வேலை செய்வார்கள்.”

“அம்மிக்கல்லா? அம்மிக்கல் என்றால் என்ன குறைச்சல்? நல்ல கனமான பொருளாயிற்றே.”

குரங்குக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்கு எல்லாமே விளையாட்டு. “நான் நடித்துக் காட்டுகிறேன்” என்று முதுகை வளைத்து, வாலைக் கையில் பிடித்துத் தரையில் இப்படியும் அப்படியும் இழுத்தது.

காட்டெருமை உற்றுப் பார்த்தது. “மீன் பிடிக்கிறாயா?”

கீரிக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ஒருவரும் அந்தச் சொல்லை வெளியே விடமாட்டார்கள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. கை கட்டிப் பணிவாக நின்றது.

“இவர்கள் எதற்கு இத்தனை சிரமப்பட வேண்டும்? நானே சொல்லிவிடுகிறேன் அண்ணா. அன்றைக்கு வெயிலில் அக்காவின் முதுகு பளபளவென்று இருந்தது. ‘பூங்கொத்து’ என்று கூப்பிட்டேன். புகழ்ந்தது குற்றமா?”

காட்டெருமை தலையை ஆட்டியது. “பூங்கொத்து இழிசொல் இல்லை. வேறு சொல் எதையும் இங்கே யாரும் சொல்லவில்லை. சொல்லாத சொல்லுக்கு நான் எப்படித் தண்டனை கொடுப்பது? எல்லோரும் போகலாம்.”

முள்ளம்பன்றிக்கு ஆத்திரமாக வந்தது. தன்னைக் காக்க வேண்டிய விதி இப்போது கீரியைக் காத்துக்கொண்டு நிற்கிறது. இப்படியே திரும்பிப் போனால் நாளைக்கும் கீரி அதே கரையில் அதே சொல்லோடு நிற்கும்.

அது இரண்டடி முன்னால் வந்தது. “இருங்கள் அண்ணா, நானே சொல்கிறேன்” என்றது. தலையைக் குனிந்துகொண்டு, மெல்லிய குரலில் அந்தச் சொல்லைச் சொன்னது. குரல் தாழ்ந்தது கூச்சத்தாலா, ஏதாவது யோசித்து வைத்திருந்ததா, எனக்குத் தெரியாது.

மயில் சிறகால் காதைப் பொத்திக்கொண்டது. காட்டெருமைக்கு மட்டும் ஒன்றும் விழவில்லை. அதன் காதைச் சுற்றி எப்போதும் நாலு ஈ மொய்த்துக்கொண்டிருக்கும்.

“என்னது? இவள் என்ன சொன்னாள்?”

முள்ளம்பன்றி பேசாமல் நின்றது. கீரி துள்ளிக்கொண்டு முன்னால் வந்தது.

“எனக்கு நன்றாகக் கேட்டது அண்ணா. ‘துடைப்பக்கட்டை’ என்றாள். இத்தனை பேர் முன்னால் கொஞ்சமும் வெட்கமில்லாமல் துடைப்பக்கட்டை என்கிறாள். மூன்று நாள் தண்ணீரை நிறுத்துங்கள்.”

ஆமாம், அதுதான் அந்தச் சொல். வீட்டைப் பெருக்கிவிட்டுக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைப்பார்களே, அதேதான். அந்தப் பொருளில் ஒரு குற்றமும் இல்லை. முதுகெல்லாம் முள்ளாக இருக்கிற ஒருத்தியைப் பார்த்துச் சொன்னால்தான் வலிக்கும்.

காட்டெருமை பெருமூச்சு விட்டது. “விதி விதிதான். முள்ளம்பன்றி, உனக்கு மூன்று நாள்…”

“கீரிக்கும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணா” என்றது முள்ளம்பன்றி. “நான் ஒரு தடவை சொன்னேன். அவன் இரண்டு தடவை சொன்னான். அதுவும் உரக்கச் சொன்னான்.”

கீரி பதறியது. “இதென்ன அநியாயம்? நான் யாரையும் திட்டவில்லையே. இவள் என்ன சொன்னாள் என்று நீங்கள் கேட்டீர்கள், நான் எடுத்துச் சொன்னேன். எடுத்துச் சொன்னால் திட்டியதாகிவிடுமா?”

“நானும் அதைத்தானே செய்தேன் தம்பி” என்றது முள்ளம்பன்றி. “நீ என்ன சொன்னாய் என்று அண்ணா கேட்டார். நான் எடுத்துச் சொன்னேன்.”

ஊரிலிருந்து அத்தனை சொல் கொண்டு வந்தும் அன்றைக்குக் கீரிக்கு ஒன்றுகூட உதவவில்லை.

காட்டெருமையின் தலையில் இருந்த விதி மெல்ல அசைந்து கொடுத்தது. “அதுவும் சரிதான்” என்றது அது. “காலில் முள்ளைக் குத்தினவனும் முள்ளைத் தொட்டிருக்கிறான், பிடுங்குகிறவனும் தொட்டுத்தான் ஆக வேண்டும். இரண்டு பேரையும் ஒரே மாதிரி தண்டிக்க முடியாது. வழக்குக்காக எடுத்துச் சொல்கிறவருக்குத் தண்டனை இல்லை. மயிலே, இப்போது நீ சொல்லு.”

மயில் தொண்டையைச் செருமிக்கொண்டது. “துடைப்பக்கட்டைதான். இரண்டு நாளும் அதையேதான் சொன்னான். பூங்கொத்து என்ற சொல்லை நான் இன்றைக்குத்தான் கேட்கிறேன்.”

“அதைத்தானே நான் அப்போதே பெருக்கிக் காட்டினேன்” என்றது குரங்கு.

கீரிக்கு மூன்று நாள் தண்ணீர் நின்றது; வரிசைக்கு வெளியே கரையோரம் உட்கார வேண்டியதாயிற்று. முள்ளம்பன்றி வயிறு முட்டக் குடித்தது. அன்று அதை யாரும் அவசரப்படுத்தவில்லை.

மறுநாள் காலை குரங்கு சீக்கிரமே வந்து வரிசையில் ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டது. “கீரி நம் அக்காவை என்ன சொன்னான் தெரியுமா? துடைப்பக்கட்டை.” முயலிடம் சொன்னது, மானிடம் சொன்னது, சாட்சி சொன்ன மயிலிடமே மறுபடி சொன்னது. ஒவ்வொரு தடவையும் முள்ளம்பன்றியை ஓரக்கண்ணால் பார்த்துப் பல்லை இளித்தது.

“என்னடா செய்கிறாய்?” என்று கேட்டது காட்டெருமை.

“எடுத்துத்தான் சொல்கிறேன் அண்ணா. அதற்குத் தண்டனை இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?”

“உன்னை யார் கேட்டார்கள்?”

குரங்கு தலையைச் சொறிந்து யோசித்துப் பார்த்தது. உண்மையிலேயே யாரும் கேட்கவில்லை.

“வழக்கு நேற்றே முடிந்துவிட்டது” என்றது காட்டெருமை. “இன்றைக்கு நீ சொல்வது கீரியின் சொல் இல்லை, உன் சொல். போய்க் கீரிக்குப் பக்கத்தில் உட்கார்.”

குரங்கு வாலைச் சுருட்டிக்கொண்டு போய்க் கீரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. நாக்கு வறண்டுபோய் இருவரும் மடுவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முள்ளம்பன்றி தன் முறை வந்ததும் நிதானமாகக் குடித்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு முட்களை ஒரு தடவை சிலிர்த்து விட்டது. அவை இப்போது பாரமாகத் தெரியவில்லை. வளையில் குட்டிகள் பாலுக்குக் கத்தும் சத்தம் மடு வரைக்கும் கேட்டது.

நீதி: புண்படுத்திய சொல்லை நியாயம் கேட்பதற்காக எடுத்துச் சொல்லலாம், எடுத்துச் சொல்வதைச் சாக்காக வைத்து மறுபடியும் புண்படுத்தக் கூடாது.