தேர் நிற்கும் இடம்

"புத்தகத்துல பொய் போட்டிருக்கான் டீச்சர்," என்றார் கலியபெருமாள்.

மங்கையர்க்கரசி டீச்சர் நாற்காலியைக் காட்டினார். கலியபெருமாள் உட்காரவில்லை. கோபத்தில் இருக்கிறவனுக்கு நாற்காலி எதற்கு?

"ஓடுற பொருளை எதுவும் நிறுத்தலைன்னா, அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்குமாம். என் மவ சத்தம் போட்டுப் படிக்கிறா. பெத்தவன் கேட்டுக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?"

"சரி. நீங்க என்ன சொல்றீங்க?"

கலியபெருமாள் கொஞ்சம் தடுமாறிப்போனார். இத்தனை வருஷத்தில் அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

டீக்கடையில் அவர் தலை தெரிந்தாலே பாதிப் பேர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஓட்டத்தைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது புளித்துவிட்டது. டவுன் காலேஜ் பேராசிரியர் ஒருவரிடம் போனார். அவர் சிரித்தார். இன்னொருவர் சிரிக்கவில்லை, வாசலைக் காட்டினார். சிரித்தவரே தேவலை என்று ஆகிவிட்டது.

அவர் ஒன்றும் வெறும் ஆள் இல்லை. திருமணற்குடிப் பெரிய தேருக்கு அவர்தான் முட்டுக்கட்டைக்காரர். வடம் பிடித்து இழுக்க ஊரே வரும். நிறுத்துவதற்கு அவர் வேண்டும். உருண்டு வருகிற சக்கரத்துக்கு முன்னால் கட்டையைக் குறிபார்த்துச் செருகி, மலை மாதிரி வருகிற தேரை அடக்கி நிறுத்துவது அவர்கள் குடும்பத்து வேலை.

"ஓட்டம்ங்கிறது விளக்குல ஊத்துற எண்ணெய் மாதிரி டீச்சர். இழுக்க இழுக்க உள்ள ஏறும். விட்டா செலவாகும். தீந்துபோனா தானா நின்னுடும். யாரும் வந்து நிறுத்த வேண்டியதில்ல."

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

தலைக்கு மேலே ஃபேன் கொஞ்சம் சுற்றியது. சோம்பலாகச் சுற்றியது. நின்றது. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தீங்களா?" கலியபெருமாளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "யாரு நிறுத்தினா?"

"பாத்தேன்," என்றார் டீச்சர். காற்று, உராய்வு என்று எதையும் எடுத்து விடவில்லை. ஒரு பனையோலை விசிறியை அவர் கையில் கொடுத்துவிட்டு, இன்னொன்றால் தானும் விசிறிக்கொண்டார்.

"தேரும் இப்படித்தானா அண்ணே?"

"தேரைப் பாத்துத்தானே கண்டுபிடிச்சேன்? வடத்தை விட்டா நின்னுடும்."

"அப்படி நின்னதைப் பாத்திருக்கீங்களா?"

"விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து பாக்குறேன்."

"கட்டை போடாம?"

கலியபெருமாளின் கையில் விசிறி நின்றது.

"கட்டை போடாம எப்படி டீச்சர்? தேரு ஊட்டுக்குள்ள பூந்துடாது?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

டீச்சர் சிரிக்கவில்லை. "அப்ப பாக்கல. நினைச்சிருக்கீங்க," என்றார்.

கலியபெருமாள் விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். போகிற அவசரத்தில் விசிறியையும் கையோடு கொண்டுபோனார்.

மறுநாள் விசிறியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு வந்தார் என்பதுதான் சரி.

"வெள்ளிக்கிழமை வெள்ளோட்டம் டீச்சர். தேருக்கு இரும்புச் சக்கரம் மாத்தியிருக்காங்க. சாமி ஏறாம வெறுந்தேரை இழுத்துப் பாக்கிறாங்க. அன்னிக்கு நான் கட்டை போடப் போறதில்ல."

"மத்தவங்க போடுவாங்களே."

"என் கை அசையாம ஒருத்தனும் போட மாட்டான்."

"நிக்காமப் போச்சுன்னா?"

"நிக்கும்."

"போச்சுன்னா?"

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிறவரிடம் இரண்டாவது முறை கேட்டால், கொஞ்சம் உண்மை வெளியே வரும்.

"போச்சுன்னா, இந்த ஊர்த் தேரை இனிமே தொட எனக்குத் தகுதி இல்ல," என்றார். "ஆனா டீச்சர், இத்தனை வருஷமா ஒரே நினைப்பு. தின்னாலும் அதுதான், படுத்தாலும் அதுதான். பொண்டாட்டிகூட என் பேச்சுக்குக் காது குடுக்கிறதில்ல. சரியா தப்பான்னு ஒரு தரம் தெரிஞ்சாப் போதும்."

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டார். "எங்க நிக்கும்? வந்து காட்டுங்க."

தெற்கு வீதிக்குப் போனார்கள். மேடு பள்ளம் இல்லாத தெரு. சைக்கிள் கடைக்கு எதிரே, குனிந்து, சுண்ணாம்புக்கட்டியால் தெருவுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார் கலியபெருமாள்.

"அரிசி மண்டிகிட்ட வடத்தை விடுவாங்க. தேரு இந்தக் கோட்டைத் தொடாது. அதுக்கு முன்னாடியே ஓட்டம் தீந்துடும்."

"இரும்புச் சக்கரத்துக்குமா?"

"சக்கரம் எதுவானா என்னா? எண்ணெய் அதே எண்ணெய்தானே."

"நிச்சயமா?"

"என் மவ மேல சத்தியமா."

"அவ வேண்டாம், படிக்கிற பிள்ளை," என்றார் டீச்சர். "நான் வர்றேன்."

கலியபெருமாளுக்கு அப்போது அது விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மேளம் முழங்க, வெடி போட, வெறுந்தேர் கிளம்பியது. கலியபெருமாள் வலது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நடந்தார். தோளில் கட்டை இருந்தது. பழக்கத்துக்குத்தான் வைத்திருந்தார். அவர் முகத்தில் கல்யாணக் களை.

தேர் அரிசி மண்டியை நெருங்கியது. அப்போதுதான் பார்த்தார்.

மங்கையர்க்கரசி டீச்சர் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம், ஒட்டினாற்போல, இரண்டு வடத்துக்கும் நடுவே போட்டார். தேருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பையிலிருந்து பரீட்சைத் தாள்களை எடுத்து மடியில் வைத்துத் திருத்த ஆரம்பித்தார்.

"டீச்சர், எந்திரிங்க டீச்சர்," என்று கோயில் அதிகாரி ஓரத்திலிருந்து கத்தினார்.

"தேர் இங்க வராது சார். கலியபெருமாள் அண்ணன் சொல்லியிருக்காங்க," என்றார் டீச்சர், தலை நிமிராமல்.

அதற்குள் இழுப்பதை நிறுத்தச் சொல்லும் கொடி அசைந்துவிட்டது. வடத்தை விட்டுவிட்டு ஜனங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். தெரு நடுவில் தேர் இருந்தது, டீச்சர் இருந்தார், இடையில் சுண்ணாம்புக் கோடு இருந்தது.

நிக்கும், என்று சொல்லிக்கொண்டார் கலியபெருமாள்.

பழைய மரச் சக்கரமாக இருந்தால் இந்நேரம் முனகி அழுதிருக்கும். இரும்புச் சக்கரம் மூச்சு விடவில்லை. அது பாட்டுக்கு வந்தது.

இதோ நிக்கும்.

கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. ஆனால் நிற்கிற தேர் எப்படி வரும் என்று அவருக்குத் தெரியும். இது அப்படி வரவில்லை.

டீச்சர் ஒரு தாளைத் திருப்பினார். சிவப்புப் பேனா நகர்ந்தது. கொண்டையில் கனகாம்பரம் வைத்திருந்தார்.

கலியபெருமாள் பயந்துபோனார். தேரோடு பிறந்து தேரோடு வளர்ந்தவர், அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தேரைப் பார்த்துப் பயந்தார்.

நிக்கும், நிக்கும் என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. கை கேட்கவில்லை.

கட்டை சக்கரத்தடியில் போய் விழுந்தது. அவர் கை அசைந்ததைப் பார்த்து மற்றக் கட்டைகளும் விழுந்தன. மரம் நசுங்கித் தீய்ந்த வாசம் வந்தது. தேர் ஒரு ஆட்டம் ஆடி, உச்சிக் கலசம் நடுங்க, நின்றது.

கோட்டுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம்.

தெரு முழுக்கக் கூச்சல், புழுதி. கோயில் அதிகாரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சைக்கிள் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

இடது சக்கரத்துக் கட்டைக்காரன் சிங்காரவேலு ஓடி வந்தான். கலியபெருமாளின் சொந்தத் தம்பி. அண்ணனுக்காகத் தேரின் கீழேகூடப் படுப்பான்.

"என்னாண்ணே, அவசரப்பட்டுட்டியே. கோட்டுக்கு முன்னாடி தானாவே நின்னிருக்கும். ஓட்டம் தீந்துதானே வந்துச்சு? யாரு கேட்டாலும் நான் சொல்றேன்."

கலியபெருமாள் அவனைப் பார்த்தார். அவன் சொல்வான். நாலு பேர் நம்பவும் செய்வார்கள். புழுதிக்குள் யார் எதைக் கண்டார்கள்? இத்தனை வருஷ நினைப்பு, சேதாரம் இல்லாமல் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

டீச்சர் பேனாவை மூடினார். ஸ்டூலிலேயே திரும்பி உட்கார்ந்தார். முகத்துக்கு நேரே தேர் சக்கரம் இருந்தது. அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"நான் பாக்கல அண்ணே," என்றார். "இந்தத் தடவை நீங்கதான் பாத்தீங்க. சொல்லுங்க. நின்னுச்சா?"

கலியபெருமாள் குனிந்து கட்டையைத் தொட்டார். சக்கரம் கடித்த இடம் இன்னும் சுட்டது.

பிறகு நிமிர்ந்தார்.

"நிக்கல டீச்சர்," என்றார். "நான் நிறுத்தினேன்."