கெண்டைக்கு முத்திரை

ஒரு காலத்திலே, ஏரி குளத்துக்குப் பஞ்சமில்லாத வாவிநாட்டை உக்கிரகண்டன் என்ற ராஜா ஆண்டு வந்தான். பெயரில்தான் உக்கிரம், இலையில் மீன் குழம்பு விழுந்தால் ஆள் குழந்தையாகிவிடுவான். பக்கத்து ராஜாவின் குளத்து விரால் தன் குளத்து விராலைவிட ஒரு சாண் நீளம் என்று யாரோ சொல்லிவிட, அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இதுதான் சமயம் என்று நீர்நிலை அதிகாரி அகோரநாதர் முன்னால் வந்தார். "மகாராஜா, கண்டவர்களெல்லாம் நம் ஏரி மீனைப் பானையில் அள்ளிப்போய்த் தங்கள் குளத்தில் விட்டுக்கொள்கிறார்கள். நமக்கு மிஞ்சுவது பொடிசுதான். ஒரு விதி போடுங்கள்!"

விதி போட்டாயிற்று. உயிருள்ள மீனை ஒரு நீரிலிருந்து இன்னொரு நீருக்கு மாற்ற அகோரநாதரின் முத்திரை வேண்டும். முத்திரையில்லாத மீன் இருந்தால் அந்தக் குளம் அரசுக்கு. அதைப் பராமரிக்கும் பாரம், வேறு யார் தலையில், அகோரநாதர் தலையில்தான். ஜனங்கள் மீன்குஞ்சுப் பானையோடு அவர் வாசலில் காத்துக் கிடந்தார்கள். முத்திரை கிடைப்பதற்குள் குஞ்சுகள் செத்து மிதந்தன. செத்த மீனுக்கு விதி கிடையாது. தடையில்லாமல் கொண்டுபோகலாம் என்று விட்டார்கள். அவ்வளவு கருணை.

அகோரநாதரின் தென்னந்தோப்பை ஒட்டி, சடைச்சி என்ற விதவைக்கு ஒரு குளம் இருந்தது. அவளும் புருஷனும் தங்கள் கையால் வெட்டியது. அந்த மீனால்தான் அவள் அடுப்பு எரிந்தது. அதிகாரிக்கு அதன்மேல் வெகுநாளாகக் கண். கோடையில் வெடித்துக் கிடந்த அந்தக் குளத்தில், முதல் மழைக்குப் பின் பனையேறிக் கெண்டைகள் துள்ளின. உடனே சடைச்சியைச் சபைக்கு இழுத்து வந்தார். சாட்சியாக ஒரு பானை கெண்டையும் வந்தது.

"சாமி, நான் விடலீங்க" என்று அழுதாள் சடைச்சி. "மழை பேஞ்சா கெண்டை தானா ஏரியை விட்டு ஏறி, ஈர மண்ணுல நடந்து வருங்க. இந்தக் குளமும் போச்சுன்னா நான் எப்படிப் பொழைப்பேன்?"

"மீன் நடந்து வந்ததாம்! மழைக்குக் குடை பிடித்ததா என்றும் கேளுங்கள்!" என்றார் அகோரநாதர். சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தான்.

அமைச்சர் கூத்தபிரான் மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு சந்தேகம். மீன் தானாக வந்திருந்தால் குற்றமில்லையே?"

"எல்லாரும் சொல்லும் சாக்கு இது! எப்படி வந்தது என்ற பேச்சே கூடாது. யார் நீரில் இருக்கிறதோ, அவர் குற்றவாளி" என்றார் அகோரநாதர்.

"மகாராஜாவுக்குச் சம்மதமா?"

ராஜா தலையாட்டினான்.

"அப்படியானால் சாட்சியைச் சபையோர் பார்க்கட்டும்" என்று அமைச்சர் பானையைத் தரையில் கவிழ்த்தார்.

கெண்டைகள் கொஞ்சம் புரண்டன. பிறகு செவுளை விரித்து ஊன்றி, வாலால் உந்தி, அகோரநாதரின் காலைச் சுற்றிக்கொண்டு நடந்தன. சிம்மாசனத்தின் முன்னால் தரையோடு தரையாகக் கட்டிய தாமரைத் தொட்டியில் ஒவ்வொன்றாக விழுந்தன.

கைதட்டிய ராஜா சட்டென்று நிறுத்தினான். "அமைச்சரே, அது என் தொட்டி!"

"ஆமாம் மகாராஜா. மீனுக்கு முத்திரையில்லை. எப்படி வந்தது என்று பேசவும் கூடாது. இனித் தொட்டி அகோரநாதர் பராமரிப்பில். சிம்மாசனத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் அவர் போகவர வசதியாக இருக்கும்."

அகோரநாதருக்கு வியர்த்தது. "ஐயோ மகாராஜா! அது தானாகத்தானே நடந்து..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"குடை பிடித்ததா?" என்று கேட்டான் ராஜா.

சடைச்சியின் குளம் அவளிடமே தங்கியது. அமைச்சருக்கு முத்துமாலை கிடைத்தது. ஆனால் விதியை மட்டும் ராஜா எடுக்கவில்லை. ராஜா போட்ட விதி தப்பாகுமா? ஒரு வரியைத்தான் சேர்த்தான்: நடந்து வரும் மீனைக் காக்கவைக்கக் கூடாது; அதிகாரியே கரையில் உட்கார்ந்து முத்திரை போட வேண்டும்.

அந்த மழைக்காலம் முழுக்க அகோரநாதர் ஏரிக்கும் குளத்துக்கும் நடுவே, சேற்றில், முள் குத்திய கையில் முத்திரையோடு கெண்டைகளைத் துரத்திக்கொண்டிருந்தார். கரைமேல் சடைச்சி நின்று, தன்னால் ஆன உதவியைச் செய்தாள்.

"சாமி! அங்க ஒண்ணு முத்திரை இல்லாம போகுது பாருங்க!"