மூன்று அரசாங்கத் தண்ணீர்

மழைத்தண்ணீர் தேங்கிய ரயில்வே சுரங்கப்பாதையில் மூழ்கிப் பால்காரர் பூவலிங்கம் செத்துப்போனார். "இன்னொரு உயிரு போவக் கூடாது, தண்ணிய வடிய வைங்க" என்று அவர் பெண்டாட்டி செங்கமலம் கோட்டாட்சியரிடம் மனுவோடு நின்றாள்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். அது ரோட்டுத் தண்ணீர் என்றார் மத்திய அரசின் ரயில்வே அதிகாரி. சாக்கடைத் தண்ணீர் என்றார் மாநில நெடுஞ்சாலைக்காரர். தண்டவாளத்திலிருந்து இறங்கும் தண்ணீர் என்றார் ஊராட்சித் தலைவர்.

கோட்டாட்சியர் மனுவைத் தூக்கி எறிந்தார். "எந்த அரசாங்கத்துத் தண்ணியில செத்தாருன்னு எழுதிட்டு வா. மூணு பேர் மேலயும் எழுதினா செல்லாது."

மறுநாள் செங்கமலம் ஒரு குடத்தை அவர் மேசைமேல் வைத்தாள்.

"அங்க கெடந்த தண்ணிதான் ஐயா. எது யாரு தண்ணின்னு பிரிச்சிக் குடுங்க. அப்படியே எழுதிருதேன்."

"கலந்த தண்ணிய எவனால பிரிக்க முடியும்?" என்று கத்தினார் கோட்டாட்சியர்.

"எங்க வீட்டுக்காரவ மட்டும் பிரிச்சா குடிச்சாவ?"

மூன்று பேரும்தான் பொறுப்பு என்று கோட்டாட்சியரே தன் கையால் எழுதினார்.

செங்கமலம் குடத்தைச் சுமந்து வீடு வந்தாள். கீழே கொட்டத்தான் மனம் வரவில்லை. அவர் கடைசியாகக் குடித்த தண்ணீர் அது.