ஆடிய படம்

"கை நடுங்குது அம்மணி. இனிமே என்னால படம் எடுக்க முடியாதுன்னு உன் வாயால சொல்லிடு. நான் வீட்டுக்குப் போறேன்."

சென்னியப்பன் வந்ததும் சௌடேஸ்வரியிடம் இதைத்தான் சொன்னார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

பள்ளிபாளையத்தில் பாதிக் கல்யாணங்களைப் படம் பிடித்தவர் அவர். போன வருஷம் வலக்கை நடுங்கத் தொடங்கியது. வைத்தியர், நரம்பு என்றார். மகன் கேமராவைத் துடைத்துப் பரண்மேல் வைத்தான். அன்றிலிருந்து சென்னியப்பன் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டில் பாதியிலேயே எழுந்துவிடுவார்.

சௌடேஸ்வரிக்கு அவர் வயதில் பாதி. டீக்கடை மாடியில் படம் எடுக்கச் சொல்லிக்கொடுப்பவள். அவளிடம் போய் நிற்க அவர் மனசு லேசில் இடம் கொடுக்கவில்லை.

அவள் கீழேயிருந்து டீ வரவழைத்தாள். தளும்பத் தளும்ப இருந்த டம்ளரை அவர் கையிலேயே கொடுத்தாள்.

சட்டையெல்லாம் டீ.

"சிந்துது பாரு!"

"சிந்தட்டுங்க. மிச்சத்தைக் குடிங்க."

குடித்தார். பிறகு ஒரு படத்தை எடுத்து மேஜைமேல் போட்டார். மகனுக்குத் தெரியாமல் கேமராவைப் பரணிலிருந்து இறக்கி எடுத்தது. கோயில் கோபுரம் இரண்டாகத் தெரிந்தது.

"கோபுரம் பாட்டுக்கு நிக்குது. நிக்கிறதை எதுக்குங்க எடுக்கறீங்க?"

"ஸ்டாண்ட் வெச்சு எடுத்தா நேரா வந்துருமா?"

"வரும். அப்ப உங்க கையை எங்க வெச்சுட்டுப் போவீங்க?"

அவருக்குச் சுருக்கென்றது.

"வேற எதைத்தான் எடுக்கறது? சொல்லு."

"இந்த ஊர்ல உங்க கையைவிட அதிகமா நடுங்கறது எதுன்னு பார்த்துட்டு வாங்க."

கதவைப் படாரென்று சாத்திவிட்டு இறங்கினார். கேலி பண்ணுகிறாள் என்றுதான் நினைத்தார். ஆனாலும் கழுத்தில் தொங்கிய கேமராவைக் கழற்ற மனம் வரவில்லை.

ஆற்றுத் தண்ணீரை எடுத்தார். அரசமரத்து இலையை எடுத்தார். ஒன்றும் பிடிக்கவில்லை. அவளைத் திட்டிக்கொண்டே ஊரைச் சுற்றினார்.

ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்திலிருந்த விசைத்தறிக் கூடத்தில் ஒதுங்கினார்.

உள்ளே தரை நடுங்கியது. ஜன்னல் கம்பி நடுங்கியது. குடத்துத் தண்ணீர் நடுங்கியது. தறிகளுக்கு நடுவில் நின்று அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள் பாவாயி. அவள் கன்னம்கூட நடுங்கியது.

தறிச் சத்தத்துக்கு மேல் அவள் கத்தினாள்.

"போட்டோவா? இங்க எடுத்தா ஆடிப்போயிருமுங்க!"

"என் கையும் ஆடுது தாயீ!"

"இங்க வந்து நின்னா யாருக்குத்தான் ஆடாது!"

அவள் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டார்.

கேமராவை எடுத்தார். ஆடுவதெல்லாம் ஆடியபடியே படத்தில் விழட்டும் என்று ஷட்டர் வேகத்தைக் குறைத்தார். கொஞ்சநஞ்சமல்ல, துணிந்து குறைத்தார். கையை இறுக்கிப் பிடிக்கவில்லை. நடுங்கு, உன் இஷ்டம் என்று விட்டுவிட்டார்.

எடுத்ததைத் திரையில் பார்த்தார்.

பாவு நூல் வெள்ளமாக ஓடியது. பாவாயிக்கு நாலைந்து கைகள். எல்லாம் ஒரே இழையைத் தேடின. அவள் எங்கே முடிகிறாள், நூல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

இப்படி ஒரு படத்தை அவர் ஆயுசில் எடுத்ததில்லை.

மழை விட்டதே அவருக்குத் தெரியாது. ஆட்கள் வேலை மாறியபோதுதான் பசி தெரிந்தது. நேராகச் சாப்பாட்டுக் கடைக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டார்.

சௌடேஸ்வரி படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

"நாளைக்கும் போங்க," என்றாள்.

போனார். அதற்கு மறுநாளும் போனார். கேமரா எங்கே என்று மகன் கேட்டான்.

"பரண் காலியாத்தான் இருக்கு. வேணும்னா நீ ஏறிப் படுத்துக்க," என்றார்.

ஊர்ப் புகைப்படக்காரர்கள் சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. ஓய்வு பெற்றவர் என்று சென்னியப்பனுக்குச் சால்வை போட ஏற்பாடு. சுவரில் மாட்ட அவர் எடுத்த பழைய படம் ஒன்றைக் கேட்டிருந்தார்கள்.

அவர் பாவாயியின் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்தார்.

ஆணியைத் தானே அடித்தார். முதல் அடி சுவரில் விழுந்தது. அடுத்தது விரலில். உதவிக்கு வந்தவனை ஒரு பார்வையில் நிறுத்தினார். அதற்கடுத்த அடி ஆணியில் விழுந்தது.

சங்கத் தலைவர் குழந்தைவேலு சால்வையும் கையுமாக வந்தார். படத்தைப் பார்த்தார். சென்னியப்பனின் காதோரம் குனிந்தார்.

"அண்ணா, படம் ஆடியிருக்குதுங்களே. நாலு பேரு பார்த்தா உங்க பேருதான் கெடும். பழசு ஒண்ணு கொடுங்க, மாத்திரலாம்."

"சால்வையைக் குளிர்றவனுக்குப் போர்த்து, தம்பி. நான் இன்னும் வேலையில இருக்கேன்."

"அது சரிங்கண்ணா. ஆனா படம் ஆடி..."

சென்னியப்பன் அவர் தோளைப் பிடித்துப் படத்துக்கு நேராகத் திருப்பினார். பிடித்த கை நடுங்கியது. தலைவரின் தோளும் சேர்ந்து நடுங்கியது.

"நல்லாப் பாரு. தறி ஓடுது."