கவிழ்த்தாலும் விழாத தயிர்

மலைச்சரிவில் குடில் போட்டிருந்தவருக்குக் குட்டைச்சாமி என்று பேர். உயரம் கம்மி என்று ஊர் வைத்த பேர்தான். கூப்பிட்டால் சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பார். திருமாறனைவிட நாலைந்து வயது சின்னவர். ஆனாலும் பட்டணத்து வேலையை உதறிவிட்டு மனைவி, மகளோடு வந்தவனுக்கு மண்சுவர் எழுப்பவும் மழைத் தண்ணீரைச் சேர்த்து வைக்கவும் சொல்லிக் கொடுத்தவர் அவர். அதனால் அவனுக்கு அவர்தான் குரு.

அன்றைக்கு மத்தியான வெயிலில் அவன் மூச்சிரைக்க ஏறி வந்தான்.

"சாமி, என் நிலத்துல எது குறைஞ்சுது?"

"நீயே சொல்லு."

"கரண்டு கம்பியே வேண்டாம்னேன். கூரைமேல சோலார் தகடு போட்டு லைட் எரியுது. தொட்டியில கோடை முழுக்கத் தண்ணி. சாமை வீட்டுது, பால் வீட்டுது. உப்பைத் தவிர எதுக்கும் கடைக்குப் போறதில்ல."

"அப்புறம் என்ன?"

"செவ்வந்தி பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் பட்டணத்துக்கே போயிட்டா."

"சண்டையா?"

"சண்டை போட்டிருந்தாத்தான் தேவலையே. எனக்கு மாவாட்டி வெச்சுட்டுப் போயிருக்கா சாமி."

சாமி சிரிக்கவில்லை.

"குறை என்னன்னு சொல்லுங்க. அதைச் சரி பண்ணிட்டுப் போய் அவங்களை அழைச்சுக்கிட்டு வந்துடறேன்."

சாமி எழுந்து உள்ளே போனார். மோர்ச்சட்டியை எடுத்து வந்து, அடியில் கிடந்த மோரை முருங்கை வேரில் ஊற்றினார்.

"அடடா, உறைக்கு வெச்சிருந்ததாச்சே" என்றார்.

"நீங்கதானே சாமி ஊத்தினீங்க?"

"ஆமா. கீழ சடையம்மா வீட்டுல போய் ஒரு கரண்டி உறைமோர் வாங்கிட்டு வா. விளக்கு வெச்சுட்டா அந்தம்மா தராது."

திருமாறனுக்கு முகம் மலர்ந்தது. இது அவன் கண்டுபிடித்து வைத்திருந்த விஷயம்.

"அதுக்கு எதுக்கு சாமி ஒருத்தர் வாசல்ல போய் நிக்கணும்? வெதுவெதுப்பான பால்ல நாலு மிளகாயைக் காம்போட போடுங்க. விடிஞ்சாத் தயிர். எங்க வீட்டுல இப்ப அப்படித்தான்."

"எனக்கு மிளகாய் ஆகாது. போய்ட்டு வா."

சடையம்மாவின் வீடு அவன் வேலியை ஒட்டியே இருந்தது. அவன் உள்ளே போனது அதுதான் முதல் தடவை.

"வாங்க பட்டணத்தாரே. வழி தெரிஞ்சுதா?" என்றாள் சடையம்மா. "என்ன வேணும்?"

"உறைமோர். சாமிக்கு."

"பாத்திரம் எங்க?"

அவன் கையைப் பார்த்தான்.

"நல்ல ஆளுங்க நீங்க. வெறுங்கையோட உறைமோர் வாங்க வந்தவரை இப்பத்தான் பாக்கறேன்." அவளே ஒரு டம்ளரைக் கழுவி எடுத்தாள். "உங்க செவ்வந்தி பித்தளைத் தூக்குல்ல கொண்டாரும்."

"உங்களுக்குத் தொந்தரவு குடுத்துக்கிட்டு இருந்தா."

"என்னா தொந்தரவு. பிரிட்ஜ் இல்லக்கா, வெயிலுக்கு மோர் பொங்கிப் போச்சுன்னு வரும். ஒரு நாள் தூக்கை வாங்கறேன், உள்ள ஈரம். நல்ல மோர் வாசம். 'ஏன் கண்ணு, இருக்கறதைக் கொட்டிட்டு வந்தா என்கிட்ட கேக்கற?'ன்னேன். 'பின்ன எதைச் சொல்லிட்டுக்கா வர்றது?'ன்னு ஒரே சிரிப்பு."

திருமாறன் டம்ளரை வாங்கக் கையை நீட்டினான். அவள் இன்னும் கொடுக்கவில்லை.

"பாப்பா ஆட்டுக்குட்டியைக் கட்டிக்கிட்டுக் கிடக்கும். இது அடுப்பு முன்னால உக்காந்து அவங்க அம்மா கதையெல்லாம் சொல்லும். நான் என் மாமியா கதையை எடுத்து விடுவேன். விளக்கு வெக்கற நேரம் வந்தாத்தான் எந்திரிக்கும். அப்புறம் திடுதிப்புன்னு வரவே இல்ல. என்மேல எதுனா வருத்தமா அதுக்கு?"

"இல்லக்கா" என்றான். அவளை அவன் அக்கா என்று கூப்பிட்டதும் அதுதான் முதல் தடவை.

டம்ளர் தளும்பாமல் ஏறுவது சிரமமாக இருந்தது. முதல் மிளகாய்த் தயிர் உறைந்த காலை அவன் கண்முன் வந்தது. சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினான். ஒரு பொட்டு விழவில்லை. 'பாத்தியா, இனி நீ அந்தம்மா வீட்டுக்கு அலைய வேண்டாம். யார்கிட்டயும் போய் நிக்கக் கூடாதுன்னுதானே இங்க வந்தோம்' என்றான். செவ்வந்தி சட்டியைப் பார்த்தாள். 'ம்' என்றாள். பித்தளைத் தூக்கைத் துடைத்து ஆணியில் மாட்டினாள். அது இன்றைக்கும் அந்த ஆணியில்தான் தொங்குகிறது. இத்தனை நாள் அது அவன் கண்ணில் படவில்லை.

குடிலில் சாமி பாலை ஆற்றிக்கொண்டிருந்தார். மோரை ஊற்றிக் கலக்கி மூடி வைத்தார். கீழே சடையம்மா வீட்டில் விளக்கு வைத்துவிட்டார்கள்.

"சாமி, மேட்டுக்குப் போனா சிக்னல் கிடைக்கும். இனிமே தினம் சடையம்மாக்கா வீட்டுக்குப் போலாம்னு அவகிட்டச் சொல்லட்டுமா?"

"பொண்ணைப் பள்ளிக்கூடத்துல சேத்தாச்சா?"

"சேத்துட்டா. அங்க எதிர்வீட்டுல ஒரு அக்கா இருக்காங்களாம். கருவேப்பிலை கேக்கப் போறாளாம். போன வாரம் பேசறப்ப அதைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தா." சொல்லும்போதே அவன் குரல் இறங்கியது. "நானும் சரி சரின்னு போனை வெச்சுட்டேன்."

சாமி மூடிய சட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"வரமாட்டாளா சாமி?"

"முதல் தடவை உன் மிளகாய்த் தயிர் எப்படி உறைஞ்சுது?"

"கவுத்தாலும் விழாத கட்டி."

"அதைப் பாத்துட்டுத்தான்யா போயிருக்கா."