நாலு பேருக்கு ஒரு கீபோர்டு

நாலு தலை ஒன்று சேர்ந்தால் ஒரு மூளையாவது தேறும் என்று நம்புகிறவர்கள், சின்னவலசு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு ஒரு நடை வந்து பார்க்க வேண்டும். அங்கே நாச்சிமுத்துவும் அவருடைய ஆட்கள் மூன்று பேரும் பதினோரு வருஷமாக ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே தப்பை நாலு விதமாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

நாச்சிமுத்து தலைவர். யோசிக்காமல் எதையும் செய்ய மாட்டார். யோசித்துவிட்டுச் செய்வாரே, அதுதான் ஆபத்து. ஆறுச்சாமி கைவேகக்காரர். பெரியண்ணன் சந்தேகப் பேர்வழி. திலகவதி எதையும் சொன்ன சொல் பிசகாமல் செய்கிறவள்.

ஊரில் புதுப் பேருந்து நிலையம் கட்டி முடித்திருந்தார்கள். எந்த பஸ் எங்கே நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கும் புரோகிராம் இவர்கள் பொறுப்பு. அதில் ஒரு பட்டியல் உண்டு. பட்டியலில் என்ன எழுதியிருக்கிறதோ, அதை இனிமையான ஒரு பெண்குரல் வரிசையாகப் படித்துக்கொண்டே போகும். முதல்முறை சோதித்தபோது, தாராபுரம் பஸ் நேற்றே வந்து காத்திருப்பதாக அது சொல்லிற்று.

முதலாளி தாமோதரன் நால்வரையும் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை திறப்பு விழா. இன்னொரு தப்பு வந்துச்சுன்னா, நாலு பேரையும் பிரிச்சு நாலு ஊரு ஆபீசுக்கு அனுப்பிருவேன்."

நாச்சிமுத்து கணக்குப் போட்டுப் பார்த்தார். வேலையே போனால்கூடப் பரவாயில்லை, நாலு பேரும் சேர்ந்து போய்விடலாம். பிரிந்து எப்படி இருப்பது? செருப்பு வாங்கப் போனால்கூட மற்ற மூவரும் போட்டு நடந்து பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் அவர் வாங்குவார். அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று தடவைதான் வாங்கிச் சாப்பிட்டார்.

இவர்களைத் திருத்துவதற்காக முதலாளி சென்னையிலிருந்து ஷகிலா மேடத்தை வரவழைத்தார். எழுதுகிற புரோகிராமில் தப்பு வராமல் இருக்கக் கூடி வேலை செய்வது எப்படி என்று சொல்லித்தருவதுதான் அவர் தொழில். தங்கமான மனுஷி. இவர்களிடம் வந்து மாட்டினார், பாவம்.

"இனிமே நாலு பேருக்கும் ஒரே கீபோர்டு," என்றார் மேடம். "கீபோர்டுல உட்காருறவங்க சொந்தமா எதுவும் யோசிக்கக் கூடாது. மத்தவங்க சொல்றதை மட்டும் அடிக்கணும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி அடிக்கும், ஆள் மாறணும். எழுதினதை அழிக்கணும்னா நாலு பேரும் ஒத்துக்கணும். கடைசியில ஒருத்தர் முழுசாப் பார்த்த பிறகுதான் அனுப்பணும். புரிஞ்சுதா?"

புரிந்தது என்று நால்வரும் ஒரே குரலில் சொன்னார்கள். இவர்கள் இப்படி ஒரே குரலில் சொன்னால் ஆபத்து என்று மேடத்துக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. பயிற்சிக்கு அந்தப் பட்டியலையே திருத்தச் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை விழாவில் பார்க்கலாம் என்று அடுத்த ஊர்ப் பயிற்சிக்குப் புறப்பட்டுப் போனார்.

முதலில் நாச்சிமுத்து கீபோர்டில் உட்கார்ந்தார்.

"கோபி போற பஸ் மூணாவது நடைமேடையில நிக்குது," என்றார் ஆறுச்சாமி. நாச்சிமுத்து அடித்தார்.

"மூணா? நாலுன்னுல்ல சொன்னாங்க," என்றார் பெரியண்ணன். அதையும் அடித்தார்.

"ஏனுங்கண்ணா, அவரு சந்தேகத்தையும் சேத்தா அடிக்கிறீங்க?" என்றாள் திலகவதி. அதையும் அடித்துவிட்டு நாச்சிமுத்து கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"மத்தவங்க சொல்றதை அடிக்கோணும்னுதான மேடம் சொன்னாங்க?" என்று ஆறுச்சாமி கேட்டார். "சந்தேகத்தை உட்ரோணும்னு சொன்னாங்களா?"

"சொல்லலை," என்று திலகவதி ஒப்புக்கொண்டாள்.

"அப்ப அடிக்கட்டும்."

பெரியண்ணனுக்கு மனம் ஆறவில்லை. "அழிச்சரலாம். நான் ஒத்துக்கறேன். நீங்க ரெண்டு பேரு?"

மற்ற இருவரும் ஒத்துக்கொண்டார்கள். மூவரும் நாச்சிமுத்துவைப் பார்த்தார்கள். அவர் என்ன செய்வார்? ஒத்துக்கொள்ள வேண்டுமென்றால் சொந்தமாக யோசிக்க வேண்டும், கீபோர்டில் இருக்கிறவர் யோசிக்கக் கூடாது. ஆகவே சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். எதையும் அழிக்க வழியில்லாமல் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் அவருக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. சொந்த யோசனையில் எழுந்து போகலாமா? முகம் சிவந்து, கால்மேல் கால் போட்டுப் பல்லைக் கடித்தார். கடைசியில் திலகவதிதான் மனமிரங்கி, "அண்ணனுக்கு அவசரமாட்ட இருக்குது, போயிட்டு வரட்டும்," என்றாள். அதை ஓர் எழுத்து விடாமல் அடித்து முடித்துவிட்டு நாச்சிமுத்து ஓடினார்.

டீ கொண்டுவந்த ருக்மணியக்கா, "பழைய கிளாஸ் எங்க சாமி? ஒண்ணு குறையுது," என்றார். அவரும் மற்றவர்தானே? அதுவும் பட்டியலில் ஏறியது. ஒவ்வொரு தடவை மணி அடித்தபோதும் திலகவதி எழுந்து நின்று, "மணி அடிச்சாச்சு, எந்திரிங்க, அடுத்த ஆளு வந்து உக்காருங்க," என்பாள். கீபோர்டில் இருந்தவர் அதையும் அடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

வியாழன் மாலை பெரியண்ணன் பட்டியலை முழுதாகப் பார்த்தார்.

"எப்படி இருக்குது?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

"போன தடவையை விட நீளமுங்க. வரி எல்லாம் நேரா நிக்குது."

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. இனி யாரும் தங்களைப் பிரிக்க முடியாது என்ற நிம்மதியில் பட்டியலை அனுப்பிவிட்டு நன்றாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை மேடையில் நகராட்சித் தலைவி பச்சைக் கொடியோடு நடு நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் தாமோதரன், அவருக்குப் பக்கத்தில் ஷகிலா மேடம். முதல் பஸ் புறப்படும்போது கொடியசைக்க வேண்டும். மேடைக்கு அடியில் கண்ணாடி அறையில் நால்வரும் கம்ப்யூட்டரோடு காத்திருந்தார்கள். பெண்குரல் ஆரம்பித்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கோபி போற பஸ் மூணாவது நடைமேடையில நிக்குது. மூணா? நாலுன்னுல்ல சொன்னாங்க."

கோபிக்காரர்கள் மூட்டைமுடிச்சோடு மூன்றுக்கு ஓடி, நாலுக்குத் திரும்பினார்கள்.

"அண்ணனுக்கு அவசரமாட்ட இருக்குது, போயிட்டு வரட்டும். மணி அடிச்சாச்சு, எந்திரிங்க, அடுத்த ஆளு வந்து உக்காருங்க."

டிரைவர்கள் எல்லாம் ஒழுங்கானவர்கள். ஒலிபெருக்கியில் வந்தால் அது மேலிடத்து உத்தரவு. கோபி டிரைவர் இறங்கி, பக்கத்து கரூர் பஸ்ஸில் ஏறினார். கரூர் டிரைவர் தாராபுரம் பஸ்ஸில் ஏறினார். மேடையிலும் தலைவி, விழா முறையாக்கும் என்று எண்ணி எழுந்து நின்றார். தாமோதரனுக்குத் தலைவியின் நாற்காலியில் போய் உட்காருவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. கால் மணி நேரத்துக்குள் உத்தரவு ஆறு தடவை வந்தது. எந்த பஸ்ஸுக்கு எந்த டிரைவர் என்று யாருக்கும் தெரியாமல், ஒரு பஸ்ஸும் நகரவில்லை. குறைந்துபோன டீ கிளாஸைத் தேடி நாலு கண்டக்டர்கள் சீட்டுக்கு அடியில் குனிந்திருந்தார்கள்.

தாமோதரன் மேடையிலிருந்து குதித்துக் கண்ணாடி அறைக்குள் நுழைந்தார். நாச்சிமுத்து கீபோர்டில் இருந்தார்.

"பிரிச்சுட்டேன்! நாச்சிமுத்து பவானிக்கு! ஆறுச்சாமி கரூருக்கு! பெரியண்ணன் காங்கேயத்துக்கு! திலகவதி தாராபுரத்துக்கு! இப்பவே கிளம்புங்க!"

நாச்சிமுத்துவின் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் கை நிற்கவில்லை. மற்றவர் சொல்லிவிட்டார், அடித்துத்தான் ஆகவேண்டும்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு," என்றது பெண்குரல். "நாச்சிமுத்து பவானிக்கு. ஆறுச்சாமி கரூருக்கு. பெரியண்ணன் காங்கேயத்துக்கு. திலகவதி தாராபுரத்துக்கு. இப்பவே கிளம்புங்க."

அதுவரைக்கும் ஒழுங்காக ஓர் அறிவிப்பு கேட்காமல் தவித்துப்போயிருந்த கூட்டம், இதைக் கேட்டதும் உயிர் வந்து அறை வாசலுக்குப் பாய்ந்தது.

"நாச்சிமுத்து எதுங்க?" என்று ஓர் அம்மாள் கேட்டார். நாச்சிமுத்து கையைத் தூக்கினார். பவானிக்காரர்கள் நாற்பது பேர் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். மற்ற மூவருக்குப் பின்னாலும் வரிசை சேர்ந்தது.

"ஆத்துப்பாலத்துல நிக்குமுங்களா?"

"நிக்குமுங்க," என்று நாச்சிமுத்து விசும்பினார். "முழங்கால் வலி. எல்லா எடத்துலயும் நிக்கும்."

ஆறுச்சாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். "அண்ணா, கரூருக்குப் பவானி வழியாச் சுத்திப் போனா ஆகாதுங்களா?"

நால்வரும் அங்கேயே கூடி நின்று ஆலோசித்தார்கள்.

"கிளம்பச் சொன்னாரு," என்றாள் திலகவதி. "எந்த வழின்னு சொல்லலை."

"காங்கேயமும் அந்த வழிதான்," என்றார் பெரியண்ணன், வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தேகமே இல்லாமல்.

நாலு வரிசையும் ஒன்றாயிற்று. எல்லோருக்கும் முன்னால் நாச்சிமுத்து தலையை நிமிர்த்தி நடக்க ஆரம்பித்தார். காலையிலிருந்து எதுவும் புறப்படாமல் கை வலித்துக் காத்திருந்த தலைவி, நகர்கிற எதையாவது பார்த்தோமே என்று கொடியை வீசி அசைத்தார். கூட்டம் கைதட்டியது.

நிலைய வாசல் தாண்டுவதற்குள் ஒரு பெரியவர் மூச்சிரைக்க ஓடிவந்து, "ஜன்னலோரம் எடம் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

நாச்சிமுத்து யாரையும் கலந்துகொள்ளாமல் தானே பதில் சொன்னார். "ரெண்டு பக்கமும் ஜன்னலோரம்தானுங்க."

பெரியவர் தாமதிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, நாச்சிமுத்துவின் வலது தோளில் போட்டு இடம் பிடித்துக்கொண்டார்.