ஒரு கிராம் நிலக்கரி

"கணக்கை மட்டும் நான் போட்டுடறேன், மேடம். பட்டனை வேற யாராவது அழுத்தட்டும்."

தவசிமுத்து கிட்டத்தட்டக் கெஞ்சினார். வயது ஐம்பத்தொன்று. ரிக்கார்டு அறையிலிருந்து அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சோதனைக் கூடத்துக்கு மாற்றலாகி வந்து நாலு நாள்தான் ஆகிறது.

அவருக்கு வேலை கற்றுத்தர வேண்டியவள் மெஹருன்னிசா. அவரைவிடப் பதினேழு வயது இளையவள்.

"எதை வச்சுக் கணக்கு போடுவீங்க, அண்ணாச்சி?"

"கரி எரிஞ்சதும் தண்ணி எத்தனை டிகிரி சூடாச்சுன்னு நீங்க சொல்லுங்க. நான் பெருக்கி, கரியோட எடையால வகுத்துடறேன். ஒரு கிராமுக்கு எத்தனை கலோரின்னு வந்துடும்."

"எரிக்கிறது யாரு?"

அவர் மேலே பார்த்தார்.

கூரையில் ஒரு பள்ளம். பல வருஷத்துக்கு முன்னால் கரி எரிக்கும் எஃகுக் குடுவை ஒன்று வெடித்து, அதன் மூடி போய் அடித்த இடம். அன்று பட்டனை அழுத்தியவருக்கு வலது கண் போய்விட்டது.

"சரி, நான் செய்யறேன். பாருங்க."

ஒரு கிராம் நிலக்கரித் தூள். பற்றவைக்க ஒரு மெல்லிய கம்பி. இரண்டையும் குடுவைக்குள் வைத்து மூடியைத் திருகினாள். ஆக்சிஜனை ஏற்றினாள். அழுத்தமானியின் முள் முப்பதில் நின்றது. குடுவையைத் தண்ணீர் வாளிக்குள் இறக்கி, ஒயர்களைச் செருகினாள்.

எல்லாம் பேசிக்கொண்டே.

தவசிமுத்துவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"வாளியை மூடி, அஞ்சு நிமிஷம் பொறுத்துப் பட்டனை அழுத்தணும். கம்பி சூடாகி கரியைப் பத்த வச்சுடும். அவ்வளவுதான்."

வாளியை மூட, அதன் மூடியைக் கையில் எடுத்தாள்.

"மூடாதீங்க, மேடம்."

"ஏன்?"

"தெரியல. தண்ணியைப் பார்த்துக்கிட்டே இருக்கணும்போல இருக்கு."

"நான் பார்த்துட்டேன். கசிவு இருந்தா குமிழி வரும், அப்ப அழுத்தினாதான் ஆபத்து. ஒண்ணும் வரல."

"இன்னும் ஒரே ஒரு நிமிஷம்."

மெஹருன்னிசா சிரித்தாள்.

அவர் குனிந்து தண்ணீரையே பார்த்தார்.

குடுவைக் கழுத்தின் ஓரத்தில் கடுகளவு ஒரு குமிழி. மேலே வந்து உடைந்தது.

அவள் சிரிப்பு நின்றது.

இன்னொன்று.

ஒயர்களைப் பிடுங்கினாள். குடுவையை வெளியே தூக்கி, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தாள். சீறல் ஓயும்வரை தவசிமுத்து மூச்சு விடவில்லை.

மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்த ரப்பர் வாஷரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மயிரிழை அளவு ஒரு வெட்டு.



"காலையிலேருந்து ஆறு தடவை அழுத்தியிருக்கேன், அண்ணாச்சி," என்றாள். "இதே வாஷர்தான்."



புது வாஷர் ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். குடுவையை அவர் பக்கம் நகர்த்தினாள். பட்டன் பெட்டியையும் நகர்த்தினாள். பிறகு இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

"ஐயோ, நான் மாட்டேன், மேடம். பாருங்க, கை எப்படி நடுங்குதுன்னு."

"அதனாலதான், அண்ணாச்சி."